பலகை அடைக்க முன்னம் றிங்கை எண்ணுங்கள்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் கீழே கடை, மேலே வீடு என்று கட்டிக்கொண்டிருக்கிறேன். வன்னியில் வீடு கட்டப்போகிறவர்கள் இதைப் படித்தால், தூணுக்குக் கொங்கிறீற் போட முன்னம் கம்பியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

வரைபடம் என் மருமகன் கீறியது. கட்டட என்ஜினியர். நிலநடுக்கத்தைத் தாங்கக் கம்பி கட்டுவது பற்றிய இந்தியத் தரமான ஐ.எஸ். 13920-ஐப் பார்த்து, தூணின் அடியிலும் தலையிலும் 100 மி.மீ.க்கு ஒரு றிங் (நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையம்), ஒவ்வொன்றின் நுனிக் கொளுக்கியும் 135 பாகைக்கு உள்ளே மடிக்கவேண்டும், பீம் வந்து சேரும் மூட்டுக்குள்ளும் றிங் வேண்டும் என்று எழுதியே கொடுத்தான். ஒப்பந்தகாரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, இந்த வேலைக்கென்று 60,000 ரூபாய் கூடுதலாக வாங்கினார்.

கொங்கிறீற் போட்ட அன்று நான் வவுனியாவில் ஒரு செத்தவீட்டில். திரும்பி வர 12 தூணும் எழும்பி நிற்கின்றன. கொங்கிறீற் ஊற்ற அடைத்த பலகையைக் கழற்றியபோது ஒரு தூணின் தலைப்பக்கம் கல்லுக்கல்லாகத் தெரிந்தது. மருமகன் உளியால் கொத்தினான். ஒரு றிங்குக்கும் அடுத்ததுக்கும் இடையில் என் கைச்சாண் முழுதாக அடங்கியது. கொளுக்கி 90 பாகையோடு நின்று, அதன் நுனி தூணின் மேல்தோலுக்குள், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கொங்கிறீற்றுக்குள், படுத்துக் கிடந்தது. மூட்டுக்குள் ஒரு றிங்கும் இல்லை.

ஒப்பந்தகாரரைக் கேட்டேன். "அண்ணை, இது வன்னி. இஞ்சை எங்கை நிலம் நடுங்குது? அப்பிடி மடிக்கப் பொடியளுக்கு நேரம் காணாது" என்றார்.

நேரம் காணாதென்றால் காசை ஏன் வாங்கினார்? 1615-இல் கொழும்பிலேயே நிலநடுக்கத்தில் வீடுகள் இடிந்திருக்கின்றன. 2001-இல் இந்தியாவின் குஜராத்தில் பூஜ் நடுங்கியபோது 200 கிலோமீற்றருக்கு அப்பால் அகமதாபாத்தில் மாடிக் கட்டடங்கள் விழுந்தன. பலவற்றில் கீழ்த்தளம் வாகனம் விடுவதற்காகச் சுவரில்லாமல் திறந்து கிடந்தது. என் கட்டடமும் அதே சாயல்தான்: மேலே சுவர், கீழே ஷட்டர்.

கட்டடம் பக்கவாட்டில் ஆடினால் தூணின் மேல்தோல்தான் முதலில் உதிரும். 90 பாகைக் கொளுக்கிக்குப் பிடிமானமே அந்தத் தோல்தான். அது போனால் றிங் வாய் பிளக்கும், நெடுங்கம்பிகள் வெளியே வளையும், உள்ளிருக்கும் கொங்கிறீற் நொறுங்கிக் கொட்டும். 135 பாகைக்கு மடித்த நுனி தூணின் நடுவுக்குள் புதைந்திருக்கும். தோல் உதிர்ந்தாலும் விடாது. ஒரு மடிப்புத்தான், கம்பி வளைப்பவருக்கு இன்னும் ஒரு இழுவை.

இப்போது அவர் போன் எடுப்பதில்லை. கடைசித் தவணையையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன், அதைத் தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். அளவுநாடாவோடு நின்று எண்ணுங்கள், படம் எடுங்கள், பிறகு பலகை அடைக்க விடுங்கள். நிற்க முடியாத நாளென்றால் கொங்கிறீற்றைத் தள்ளிப் போடுங்கள்.

12 தூணையும் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கொங்கிறீற் உறை போடப்போகிறோம். அதுவரை அந்த உடைத்த தூணைப் பூசாமல் விட்டிருக்கிறேன். யாராவது வந்து பார்க்க விரும்பினால் பார்க்கலாம்.