மிளகாய் இலைச் சுருட்டல்: லூப், டிடிஎஸ் மீட்டர், ஒட்டுப்பொறி – மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மிளகாய் இலை சுருண்டதுமே கை வேப்பெண்ணெய் பாட்டிலுக்குப் போய்விடுகிறது. அதற்கு முன் கண் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. குருத்துக்குக் கீழே இரண்டாவது, மூன்றாவது இலையின் அடிப்பக்கம், நடு நரம்பை ஒட்டிய பகுதி. சென்னை பால்கனியிலும் மொட்டை மாடியிலும் பையில் வளரும் செடி குட்டையாக நின்றுபோனால், பத்தில் எட்டு முறை விடை அங்கேதான் இருக்கும்.

அதைப் பார்க்க 30 மடங்கு லூப் போதும். நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அது போன்ற சிறு உருப்பெருக்கி லென்ஸ்தான். 60 மடங்கு என்று விற்கும் விளக்கு வைத்த மாடல்களில் கை லேசாக நடுங்கினாலே குவியம் போய்விடும். இலையைப் பறித்துத் திருப்பி, வெளிச்சத்தில் லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இலையை மெல்ல அருகே கொண்டு வாருங்கள். கண்ணாடி போன்ற நீள்வட்ட முட்டைகளும் அவற்றின் மேல் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகளும் தெரிந்தால் அது முரணைச் சிலந்தி, அதாவது இலைச் சாற்றை உறிஞ்சும் மைட் என்ற நுண்ணுயிர்ப் பூச்சி. வளர்ந்த சிலந்தியே 0.2 மில்லிமீட்டர்தான் என்பதால் வெறுங்கண்ணுக்குச் சிக்காது. இலை கவிழ்த்த படகு போல கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு மட்டும் நீண்டு, அடிப்பக்கம் பழுப்பாக மினுங்கும். மேல்நோக்கிக் கிண்ணமாகக் குவிந்தால் இலைப்பேன் (த்ரிப்ஸ்). அது 1 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வெள்ளைத்தாளின் மேல் குருத்தைத் தட்டினால் ஓடுவது தெரியும்.

பூச்சி எதுவும் இல்லாமல், நரம்பு தடித்து, இலை சிறுத்து, கணுக்கள் நெருங்கிக் கொத்தாக நின்றால் வெள்ளை ஈ கொண்டு வந்த வைரஸ். அதற்கு மருந்தே கிடையாது. பையில் மூடிக் கட்டிப் பிடுங்கிப் போடுங்கள். ஒரு செடிக்கு இரக்கப்பட்டால் மாடி முழுவதும் பரவிவிடும்.

முரணைக்கு நனையும் கந்தகம் 80 சதத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் படும்படி அடியுங்கள். 6 நாள் இடைவெளியில் மூன்று முறை. கோடையில் அதன் தலைமுறையே ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது, ஒரே தெளிப்பில் முட்டைகள் தப்பிவிடும். எண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரத்துக்குக் கந்தகம் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். கத்திரி வெயில் நாட்களில் தனிக் கந்தகமே கருக்கிவிடும். அப்போது நோயுற்ற குருத்தை வெட்டிப் பையில் கட்டிவிட்டு, காலையில் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுவதே நல்லது. தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைக்கும் தேமோர் கரைசல் நல்ல வளர்ச்சி ஊக்கிதான், ஆனால் முரணையை அது ஒன்றும் செய்யாது.

சுருண்ட இலை மருந்துக்குப் பிறகும் நிமிராது. மருந்து வேலை செய்யவில்லை என்று பலர் செடியைத் தூக்கிப் போடுவது இங்கேதான். 15 முதல் 20 நாளில் வரும் புதுத் தளிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

லூப்பில் எதுவும் தெரியவில்லை, இலை நுனி மட்டும் கருகுகிறது என்றால், தண்ணீரில் கரைந்த உப்பைப் பிபிஎம் அளவில் காட்டும் டிடிஎஸ் மீட்டரை எடுக்க வேண்டும். ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். கடலோரப் பகுதிகளில் பல போர்வெல்கள் 1000 பிபிஎம்-ஐத் தாண்டுகின்றன. ஆர்ஓ கழிவு நீர் அதைவிட மோசம், அதைச் செடிக்கு ஊற்றவே கூடாது. கழுவாத தென்னை நார்க்கழிவிலும் உப்பு உண்டு. பையின் அடியில் வடியும் நீரின் டிடிஎஸ் எண், ஊற்றிய நீரின் எண்ணை நெருங்கும் வரை அலசுங்கள். அலசியும் குருத்து கொக்கி போல வளைந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறை. கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 2 கிராம் வேரில் ஊற்றுங்கள்.

மூன்று வருடத்தில் கருவிகள் பட்ட பாடும் சொல்ல வேண்டும். கடல் காற்றில் லூப்பின் கீல் துருப்பிடிக்கிறது, மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை படர்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்தால் தப்பும். மீட்டர் முனையில் படியும் வெள்ளைப் படிவத்தை மாதம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்துக் கழுவாவிட்டால் எண் தவறாகக் காட்டும். வெள்ளை ஈயைப் பிடிக்கும் மஞ்சள் ஒட்டுப்பொறியைக் குருத்தின் உயரத்தில் தொங்கவிட்டு, தூசி படிந்ததும் மாற்றுங்கள். சுவரை ஒட்டி மாட்டினால் பல்லி ஒட்டிக்கொண்டு துடிக்கும், ஓரடி தள்ளியே மாட்டுங்கள். பொறியில் வெள்ளை ஈ கூடினால் அன்றே லூப்பையும் எடுங்கள். முரணைச் சிலந்தி வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டும் அடுத்த செடிக்குப் போகிறது.