குயில்ட்டை முடித்துத் தர வெளியே கொடுப்பவர்கள் கவனத்துக்கு: 140 கட்டமும் ஒரு அரிசி மூட்டைத் தையலும்

அரிசி மூட்டையின் வாயைப் பிரித்திருப்பீர்கள். சரியான நுனி மட்டும் கிடைத்துவிட்டால் ஒரே இழுப்பில் சர்ரென்று மொத்தத் தையலும் கையோடு வந்துவிடும். நான் இரண்டு மாதம் உட்கார்ந்து ஒட்டுப்போட்ட போர்வை அப்படிப் பிரிந்ததைப் பெங்களூரிலிருந்து வந்த வீடியோ காலில் பார்த்தேன்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவோட கொலுசு மாட்டி ஒரு நூல் அறுந்துச்சு. தொங்குதேன்னு இழுத்தேன், முழு வரிசையும் வந்துருச்சு" என்றாள் அந்தப் பெண். கையில் சேமியா மாதிரி ஒரு கொத்து வெள்ளை நூல்.

எனக்கு அவளைச் சமாதானப்படுத்தக்கூட வாய் வரவில்லை. "போர்வையைத் திருப்பிக் காட்டும்மா" என்றேன். அடித்துணியில் வரிசை வரிசையாக சங்கிலித் தையல். அது நான் கேட்ட தையலே இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் கோவையில் இருக்கிறேன். வீட்டில் வைத்திருக்கும் பழைய பருத்திப் புடவைகளைக் கொண்டுவந்து தருபவர்களுக்கு, அதை வெட்டி ஒட்டுப்போட்டுப் போர்வையாகத் தைத்துக் கொடுக்கிறேன். இந்தப் பெண் தன் பாட்டியின் ஆறு புடவைகளைக் கொடுத்திருந்தாள். நான்கு கண்டாங்கி, இரண்டு மதுரைச் சுங்குடி. ஒற்றைக் கட்டிலுக்கு, 60க்கு 84 இஞ்ச். ஆறு இஞ்ச் கட்டமாக 140 கட்டம். கண்டாங்கியின் கட்டம் கோணாமல் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்று எத்தனை முறை பிரித்துத் தைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

சாயத்தை நினைத்துத்தான் பயம். சுங்குடியில் ஒன்று நல்ல அரக்குச் சிவப்பு. தண்ணீர் தெளிந்து வரும்வரை மூன்று முறை அலசினேன். ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் போட்டு அயர்ன் பாக்ஸால் அழுத்திப் பார்த்து, கறை ஏறவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கத்தரி வைத்தேன். நான் பயந்த இடத்தில் ஒன்றும் ஆகவில்லை.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு: குயில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவில் வாடிங் என்கிற பஞ்சுத் தகடு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டுகிற தையல்தான் பஞ்சை நகரவிடாமல் பிடித்து வைக்கிறது. சின்னப் போர்வை என்றால் மூன்றையும் ஊக்கு குத்திச் சேர்த்து நானே ஓட்டிவிடுவேன். பெரியது முடியாது. என் வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலதுபக்கத் தூணுக்கும் நடுவே ஏழு இஞ்ச்தான் இடம். அதற்குள் 84 இஞ்ச் போர்வையைச் சுருட்டித் திணித்தால் தோள்பட்டை போய்விடும். அதனால்தான் லாங்ஆர்ம் மெஷின் வைத்திருப்பவர்களிடம் கொடுப்பது. துணியை உருளைகளில் இழுத்துக் கட்டிவிட்டு, மெஷின் தலையை அதன்மேல் நகர்த்தித் தைப்பார்கள்.

அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த ஒருவர் மூலம் தகவல் வந்தது. பெயரும் ஊரும் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. போனில் பேசினார். "லாங்ஆர்ம்தான் மேடம், கையாலயே ஓட்டுவோம். நூறு சதவீதம் காட்டன் வாடிங். பதினஞ்சு நாள்." சதுர அடிக்கு 70 ரூபாய், 35 சதுர அடிக்கு 2,450. பருத்தி வாடிங் தனியாக 1,900. மொத்தம் 4,350, முழுப் பணமும் முன்கூட்டியே. தையல் வரிசைகளுக்கு நடுவே மூன்று இஞ்ச்சுக்கு மேல் இடைவெளி வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினேன். கட்டை விரல் காட்டினார்.

பதினைந்து நாள் மூன்று மாதமானது. "கரண்ட் இல்ல மேடம்", "ஆள் ஊருக்குப் போயிருக்கு மேடம்", "ஊசி ஒடஞ்சிருச்சு மேடம்." ஒரு ஊசிக்கு மூன்று வாரம்! பாப்பாவைத் தொட்டிலில் போடும் விசேஷத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பார்சல் வந்தது. என்னுடைய பெரிய தப்பு இங்கேதான். பிரித்ததும் கையில் இலேசாக இருந்தது. மனதில் ஒரு முள் குத்தியது. ஆனால் இரவோடு இரவாகச் சுற்றிலும் பட்டி வைத்து, நான்கு மூலையையும் மடித்துக் கையால் ஹெம்மிங் செய்து, விடியற்காலை கூரியரில் போட்டால்தான் போய்ச் சேரும். திருப்பிப் பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. அடித்துணி மிச்சத்தை அவர் திருப்பி அனுப்பாததையும், ஒரு பக்கக் கரையில் ஒன்றரை இஞ்ச் வெட்டிவிட்டதையும் மட்டும் கவனித்துத் திட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.

போர்வை திரும்பி வந்ததும் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். இரண்டு முறை துவைத்ததற்கே சில இடத்தில் கட்டி, சில இடத்தில் வெறும் துணி. கறுப்புக் கண்டாங்கிக் கட்டங்களின் மேலெல்லாம் வெள்ளையாகப் பூனை முடி போல நார் வெளியே வந்திருந்தது. டேப் வைத்து அளந்தால் தையலுக்கும் தையலுக்கும் நடுவே எட்டு இஞ்ச். பட்டியை ஒரு முழம் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். நடுவில் இருந்தது ஒரே தகடுகூட இல்லை. கட் பீஸ்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறியும், சில இடத்தில் நான்கு விரல் இடைவெளி விட்டும், ஒரு இணைப்புத் தையல்கூட இல்லாமல் சும்மா பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு துண்டில் பால்பாயின்ட் பேனாவால் யாரோ எழுதிய கணக்கு. 38, 42, கீழே ஒரு கோடு, 80.

ஒரு நூலளவு கிள்ளி எடுத்து, இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலால் தொட்டால் உதிரும். இது சுருண்டு உருகி, கறுப்பு மணி மாதிரி உறைந்தது. ஆறிய பிறகு நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. பாலியஸ்டர். அந்த மணியை வெள்ளைத் தட்டில் வைத்து வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

"காட்டன்தான் மேடம். இப்ப வர்ற காட்டன் அப்படித்தான் இருக்கும்."

இந்த வாக்கியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பிறகு தெரிந்தவர்களிடம் விசாரித்தபோதுதான் தையல் விஷயம் விளங்கியது. கரூர், திருப்பூர்ப் பக்கமெல்லாம் மெத்தை விரிப்பும் கம்ஃபர்ட்டரும் தைக்கிற பல ஊசி மெஷின்கள் இருக்கின்றன. துணியை ரோலாக விட்டால் ஒரே நேரத்தில் பத்து இருபது வரிசை ஓடும். அந்த வேலைக்கு அது நல்ல மெஷின், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றில் பலவும் போடுவது சங்கிலித் தையல். அடிநூல் சுற்றி வைக்கும் பாபின் கிடையாது, பாபின் மாற்ற நிறுத்தவும் வேண்டாம். மேல்நூலும் அடிநூலும் பின்னிப் பூட்டுகிற நம் வீட்டு மெஷின் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் அடுத்த தையல் பிடித்து நிற்கும். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியை நம்பித்தான் நிற்கிறது. நடுவில் அறுந்தால் ஒரு திசையில் ஓடிக்கொண்டே போகும். என் போர்வையையும் அப்படி ஒரு மெஷினுக்குள் கம்ஃபர்ட்டர் துணியோடு துணியாக விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். எட்டு இஞ்ச்சுக்கு ஒரு வரிசை என்றால் நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். எனக்கு லாங்ஆர்ம் கூலி.

இதே வருஷத்தில் இன்னொருவரும் இதே மாதிரி நடு அடுக்கில்தான் கை வைத்தார். அதையும் சொல்லிவிடுகிறேன், தையல் அறை அமைக்க நினைக்கும் யாருக்காவது பயன்படும்.

பையன் வேலைக்கு ஓசூர் போன பிறகு அவனுடைய எட்டுக்குப் பத்து அறையை எனக்கு எடுத்துக்கொண்டேன். துணி அடுக்க ஒரு பெரிய அலமாரி, வெட்டுவதற்கு ஒரு மேஜை, நூல்கண்டு மாட்டச் சுவரில் ஓட்டைப் பலகை. ஆசாரி 62,000 ரூபாய் சொன்னார். 18 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். பிளைவுட், ஐ.எஸ். 303 முத்திரை போட்ட துண்டைக் கையில் கொடுத்தே காட்டினார். ஈரத்தைத் தாங்கும் ரகம் அது. மேலே மைக்கா ஒட்டி வந்தபோது பளபளவென்று இருந்தது.

ஐப்பசி மழையில் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் இறங்கியது, அவ்வளவுதான். பத்து நாளில் அலமாரியின் அடிப்பலகை பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. கதவுக் கீல் ஆட ஆரம்பித்தது. ஸ்குரூவை முடுக்கினேன், மரத்தூளோடு வெளியே வந்தது. கீலைக் கழற்றி, அது உட்காரும் வட்டக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளைவுட் என்றால் அந்தக் குழியின் சுவரில் ஏடு ஏடாக அடுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது ரவை உப்புமா. மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு! மைக்காவும் ஓரப்பட்டியும் ஒட்டிவிட்டால் வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. அந்தக் குழி ஒன்றுதான் உண்மையைச் சொல்கிற இடம். வேலை முடிந்த அன்றைக்கே, மிச்சப் பணம் கொடுப்பதற்கு முன், ஒரே ஒரு கீலைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். ஆசாரி முகம் சுளித்தால் பரவாயில்லை.

மேஜை உயரமும் அப்படித்தான். நின்றுகொண்டு வெட்டுகிற மேஜை சமையல் மேடை உயரத்தில், ஏறக்குறைய 36 இஞ்ச் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு போய்விடும். "டேபிள்னா முப்பதுதானுங்க்கா" என்று 30 இஞ்ச்சிலேயே செய்துவிட்டார். இப்போது நான்கு காலுக்கும் கீழே செங்கல்.

ஆசாரியிடம் கடைசித் தவணை 15,000 நிறுத்திவைத்திருந்தேன், அதனால் அவர் வந்து கீழ்ப்பலகைகளையும் கதவுகளையும் உண்மையான பிளைவுட்டில் மாற்றிக் கொடுத்தார். மனமில்லாமல்தான். மேல்தட்டுகள் இன்னும் அதே ரவை. போர்வைக்காரரிடம் நிறுத்திவைக்க என்னிடம் ஒரு ரூபாய்கூட இல்லை. வித்தியாசம் அங்கேதான்.

இப்போது வேறொருவரிடம் வேலை கொடுக்கிறேன், அந்த அம்மாவிடம் நான் செய்வது இதுதான். வாடிங்கை நானே வாங்கி, ஒரு நுனியை எரித்துப் பார்த்து, நான்கு மூலையிலும் என் கையெழுத்தை மார்க்கரில் போட்டு அனுப்புகிறேன். பருத்தி வாடிங் துவைத்தால் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும், அதைக் கணக்கில் வைத்துத்தான் அளவு. அடித்துணி நான்கு பக்கமும் நான்கு இஞ்ச் கூடுதலாக விடுகிறேன், மிச்சம் திரும்பி வரவேண்டும் என்று எழுதியும் விடுகிறேன். ஒரு முழச் சதுரத்தில் மாதிரி தைத்துக் காட்டச் சொல்கிறேன். மாதிரி வந்ததும் நடுவில் ஒரு தையலைக் கத்தரித்து இழுக்கிறேன். பணம் பாதி முன்னால், பாதி பின்னால். முதலில் கேட்கச் சங்கடமாக இருந்தது. அந்த அம்மாவோ, "எல்லாரும் இப்படிக் கேட்டா எனக்கும் நல்லதுங்க" என்று சொல்லிவிட்டார். சின்னப் போர்வைகளுக்கு வாடிங்கே வாங்குவதில்லை. வீட்டில் நைந்த எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்தால் நடு அடுக்குக்குக் கச்சிதமாக வருகிறது. அந்தக் காலத்தில் பஞ்சா வைத்தார்கள், பழம்புடவையை அடுக்கி நூலோட்டம் ஓட்டியதுதானே.

புகார் விஷயம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். புகாரைப் பதிவு செய்துகொண்டு எண் கொடுத்தார்கள். முதல் கேள்வியே "பில் இருக்கா மேடம்?" பில் இல்லை. ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான். கட்டை விரல் காட்டிய அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் பக்கமிருந்து பதில் வரவில்லை, எனக்கு மட்டும் தனியாக "500 ரூபா திருப்பித் தர்றேன், விட்ருங்க மேடம்" என்று வந்தது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நீங்கள் வியாபாரம் செய்கிறவர், நுகர்வோர் இல்லை என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர்களுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள், வற்புறுத்திப் போட்டுவிட்டேன். போர்வையை என்னிடமே விட்டிருக்கிறாள். அடித்துணியைப் பிரிப்பது சுலபமாக இருந்தது, அரிசி மூட்டை அல்லவா. மேல்துணியில் ஒட்டியிருக்கும் நாரை எடுப்பதுதான் வேலை. டேப் ஒட்டி ஒட்டி எடுக்கிறேன், இன்றைக்கு வரை 140இல் 52 கட்டம் ஆகியிருக்கிறது. உள்ளே இருந்த துண்டுகளையெல்லாம், அந்த 38, 42, 80 எழுதிய துண்டு உட்பட, ஒரு பையில் கட்டி ஆணையத்தில் காட்டுவதற்காக அலமாரியில் வைத்திருக்கிறேன். மாற்றிக் கொடுத்த கீழ்த்தட்டில்.