இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ரூபாயும் ஒரு செத்த காரின் ஆர்.சி. புத்தகமும்

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் தேடிக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாகச் செங்கோட்டை, தென்காசி, புளியரை பக்கம் இருந்துகொண்டு மலைக்கு அந்தப் பக்கம் கார் பார்க்கப் போகிறவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடமிருந்து இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள். நேற்று மதியம்தான் அது முழுதாக உறுதியானது. கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அடங்குகிற கோபமாகத் தெரியவில்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் இலவசமாக விளம்பரம் போடக்கூடிய, பழைய பொருட்கள் விற்கும் இணையதளம் ஒன்றில்தான் அந்தக் காரைப் பார்த்தேன். விற்றவன் கேரளப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே, பழைய கார்களை வாங்கிப் புதுப்பித்து விற்கும் கொட்டகை வைத்திருப்பவன். அவன் பெயருக்குப் பக்கத்தில் "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்று ஒரு பச்சைக் குறி இருந்தது. யார் சரிபார்த்தார்கள், எதைச் சரிபார்த்தார்கள் என்பதற்கு இன்றுவரை அந்தத் தளத்திடமிருந்து பதில் இல்லை.

ஹெரால்டு ஏன் என்று இளைஞர்கள் கேட்கலாம். அம்பாசடரும் பத்மினியும் எல்லோருக்கும் தெரியும். ஹெரால்டு நம் மாநிலத்தில் பிறந்த கார். இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரயம்ப் ஹெரால்டை, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் தயாரித்தது. உருவத்தை வரைந்தவர் மிகெலோட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. எஞ்சின். மற்ற கார்களுக்கு பானெட் மட்டும் திறக்கும். இதற்கு மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் மூக்கு நோக்கிக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை செய்யலாம். ஏறத்தாழ 25 அடி இடம் இருந்தால் வட்டமடித்துத் திரும்பிவிடும். பின்னாளில் வந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது, இங்கிலாந்துக்காரனிடம்கூடக் கிடையாது. அந்த நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்து, அது விலைபோகாமல், கதவை இழுத்து மூடியதும் உதிரிபாகங்கள் அடியோடு நின்றுபோயின. வைத்திருந்தவர்கள் எடைக்குப் போட்டார்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் தன்னுடைய ஹெரால்டை விற்றார். வெள்ளையும் இளம்பச்சையுமாக, இரண்டு கதவு வண்டி. வைத்திருந்திருக்கலாம் என்று அவர் சொல்லாத தீபாவளி கிடையாது. இப்போது அவருக்கு எண்பத்து நான்கு வயது.

அந்தக் கொட்டகைக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டுதான் போனேன். கோட்டைவாசல் வளைவுகளில் அவர் தூங்கவே இல்லை. ஆரியங்காவு, தென்மலை தாண்டி இறங்கும்வரை கிளட்ச், சோக், கார்புரேட்டர் என்று பேசிக்கொண்டே வந்தார். விற்றவன் நல்ல தமிழ் பேசினான். அவனுடைய தாய்வழியார் செங்கோட்டைக்காரர்கள் என்றான். "1956க்கு முன்னால் நாமெல்லாம் ஒரே திருவிதாங்கூர்தானே அண்ணாச்சி, நமக்குள் எதற்குக் கணக்கு?" என்று சிரித்தான். அப்பாவுக்கு நாற்காலி போட்டான், சுக்குக்காப்பி வாங்கிவந்து கொடுத்தான். பிறகு தார்ப்பாயை விலக்கினான்.

வெள்ளை, இளம்பச்சை. 1967ஆம் ஆண்டு மாடல் என்றான். பழைய கொல்லம் பதிவு, கே.எல்.க்யூ. என்று தொடங்கும் எண். முன்பக்கத்தை மூக்கோடு சேர்த்துத் தூக்கிக் காட்டினான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தான். அவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இதே சத்தம்தான்" என்றார். அந்த நேரத்தில் அவன் அப்பாவைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது இப்போது நினைவுக்கு வருகிறது. ஒரு கிழவரின் ஆசையை எடுத்து, அதையே தூண்டிலில் கோத்து, அவர் பிள்ளையிடம் போட்டிருக்கிறான்.

ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினான். பழைய காகிதம், உண்மையான முத்திரைகள். பானெட்டுக்கு அடியில் இருந்த தகட்டு எண்ணும் புத்தகத்து எண்ணும் ஒன்றாகவே இருந்தன. "ஐம்பது வருடம் தாண்டிய வண்டி அண்ணாச்சி, 2021இல் வந்த சட்டப்படி வின்டேஜ் பதிவு வாங்கிவிடலாம், இருபதாயிரம் ரூபாய் கட்டணம், பத்து வருடத்துக்குக் கவலை இல்லை. வண்டியை இங்கே மாற்றக் கேரளம் கொடுக்க வேண்டிய தடையில்லாச் சான்று, அந்த என்.ஓ.சி.யை நானே எடுத்துத் தருகிறேன்" என்றான். அறுபதாயிரம் முன்பணமாக அங்கேயே கைப்பேசியில் அனுப்பினேன். மீதி இரண்டு லட்சத்தை, கார் எங்கள் வீட்டு வாசலில் இறங்கிய இரவு, அவன் ஆளிடம் ரொக்கமாகக் கொடுத்தேன். அவன் கேட்டது அப்படித்தான். மொத்தம் இரண்டு லட்சத்து அறுபதாயிரம். தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விட்ட பணம் அது.

ஒரு வாரம் தெருவே வந்து பார்த்தது. அதற்கு மேல் ஓடவில்லை. சூடானால் நின்றது, புகைந்தது. தென்காசியில் ஹெரால்டில் கைபழகிய பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் வந்து வண்டிக்கு அடியில் படுத்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. எழுந்து வந்து, "தம்பி, இது ஹெரால்டு இல்லை" என்றார்.

விஷயம் இதுதான். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், சேஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, பொருத்தப்பட்டிருக்கும், அதற்கு மேலே இரண்டு சக்கரங்களுக்கும் குறுக்காக ஒரே பட்டை வில் போகும். நம் சாலைகளில் பலருக்கு அந்த அமைப்பில் நம்பிக்கை இல்லை. அதனால் 1972இல் அதே நிறுவனம் கொண்டுவந்த கெஸல் காரில் அதை மாற்றி, இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் கட்டை ஆக்சில் வைத்தார்கள். எங்கள் வாசலில் நின்ற காருக்குப் பின்னால் கட்டை ஆக்சில். ஹெரால்டின் உடம்பு துண்டு துண்டாக சேஸ் மேல் போல்ட் போட்டு இறுக்கப்படுவது. அந்த வசதியைத்தான் இவன் பயன்படுத்தியிருக்கிறான். துருப்பிடித்த ஏதோ ஒரு கெஸலின் சேஸ், இரண்டு மூன்று செத்த ஹெரால்டுகளின் தகரம், மிச்சத்துக்கு, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி, விரல் கனத்துக்கு. மெக்கானிக் ஒரு காந்தத்தை எடுத்து, காரின் கதவுக்குக் கீழே இருக்கும் படிப் பலகையில் வைத்தார். விழுந்துவிட்டது. கதவின் கீழ்ப்பாதியில் வைத்தார். விழுந்தது. பானெட்டுக்கு அடியில் இருந்த அந்த எண் தகட்டின் ரிவெட்டுகள் புதியவை. எஞ்சின் எண்ணை அரத்தால் அராவிவிட்டு மறுபடி அடித்திருக்கிறார்கள். இலக்கங்கள் ஒரு கோட்டில் இல்லை.

அன்றே அவனுக்குத் தொலைபேசினேன். பதறவே இல்லை. "மெக்கானிக்குகள் வேலை பிடிக்க அப்படித்தான் சொல்வார்கள் அண்ணாச்சி, என்.ஓ.சி. திங்கட்கிழமை கைக்கு வந்துவிடும்" என்றான். திங்கட்கிழமை கேட்டால், எழுத்தர் விடுப்பு. அடுத்து, பழைய உரிமையாளர் துபாயில் இருக்கிறார், கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கடுத்து, ஓணம் முடியட்டும். ஓணமும் முடிந்தது. பணத்தைத் திருப்பிக் கொடு, வண்டியை எடுத்துக்கொண்டு போ என்றேன். "சார், அறுபது வருடத்துக் காரை இந்த விலைக்கு வாங்கிவிட்டு எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்றால் எப்படி சார்?" என்றான். அதன் பிறகு வேறு யாரோ எடுத்து, அவர் வெளியூர் போயிருக்கிறார் என்றார். பிறகு என் எண்ணை எடுப்பதே இல்லை. மைத்துனருடைய எண்ணிலிருந்து அழைத்தபோது எடுத்தான், என் குரலைக் கேட்டதும் "எந்தக் கார்?" என்று கேட்டான். எந்தக் கார்! என் அப்பாவை உட்கார வைத்த கார்!

இணையதளத்துக்கு எழுதினேன். நாங்கள் விளம்பரத்துக்கு இடம் கொடுப்பவர்கள் மட்டுமே, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பல்ல என்று ஒரு பதில் வந்தது. அந்தப் பச்சைக் குறி எதற்கு என்று கேட்டேன். அதே பதில், எழுத்து மாறாமல், மறுபடி வந்தது. மூன்றாவதாக வந்தது, "உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள்" என்று ஐந்து நட்சத்திரங்கள்.

நேற்று மலையேறி, அந்த எண்ணைப் பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த அம்மா ஒருவர் பொறுமையாகப் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அவருக்கு என் நன்றி. அந்த எண்ணில் உண்மையிலேயே ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருந்திருக்கிறது. உடைத்துவிட்டதாக உரிமையாளரே எழுதிக்கொடுத்து, பதிவு பல வருடங்களுக்கு முன்பே ரத்தாகிவிட்டது. அதாவது, ஆர்.சி. புத்தகம் பொய்யில்லை; அந்தப் புத்தகத்துக்கு உரிய கார் உலகத்தில் இல்லை. ரத்தான எண்ணுக்கு என்.ஓ.சி. ஒருநாளும் வராது. வின்டேஜ் பதிவும் கிடையாது. சேஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் நிலையில் காப்பாற்றிய வண்டிக்குத்தான் அது என்று விதியிலேயே இருக்கிறது. ஆகவே இரண்டு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்க்கு நான் வாங்கியிருப்பது சாலையில் ஒரு அடிகூட ஓட்ட முடியாத தகரம். திங்கட்கிழமை, துபாய், ஓணம் என்று அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும், இது தெரிந்தே சொன்னது.

எல்லைப்புறத்தில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு கொடுமை உண்டு. இந்தப் பக்கத்துக் காவல் நிலையத்தில், கொட்டகை கேரளத்தில் இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். அந்தப் பக்கம் போனால், பணம் கைமாறியது தமிழ்நாட்டில், அங்கே போங்கள் என்றார்கள். மலையின் இரு பக்கமும் இந்தியாதான் என்பதை யாரிடம் சொல்வது? ஒரு வழக்கறிஞரிடம் கேட்ட பிறகு தெரிந்தது: குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நாளைக்கு அதை எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். நுகர்வோர் வழக்கையும் 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொல்லத்துக்கு அலைய வேண்டியதில்லை.

பழைய கார் வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை முழுமையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். ஆர்.சி.யைக் கண்ணால் பார்த்து விட்டுவிடாதீர்கள். எண்ணை எழுதிக்கொண்டு, பதிவு செய்த அலுவலகத்துக்கே போய், அது உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். மிகப் பழைய எண்கள் பல இணையத்தில் ஏறவில்லை, அங்கே காட்டவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. என்.ஓ.சி. கையில் வராமல் முழுப் பணம் வேண்டாம். ரொக்கம் வேண்டவே வேண்டாம். காந்தம் கொண்டுபோங்கள். ஹெரால்டு என்றால் பின்பக்கம் குனிந்து ஆக்சிலைப் பாருங்கள். முன்பணம் கைப்பேசியில் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

இன்று காலை அதே தளத்தில் இன்னொரு ஹெரால்டு ஏறியிருக்கிறது. விற்பவர் பெயர் வேறு, பச்சைக் குறி அப்படியே. படத்தில் பின்னால் தெரிவது அதே ஓட்டுக் கொட்டகை, அதே நீலத் தார்ப்பாய். இளநீலமும் வெள்ளையும், விலை இரண்டு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். யாராவது இதற்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், மீதியைக் கொடுக்காதீர்கள். அந்த கே.எல்.க்யூ. புத்தகத்தின் நகலும் பணம் அனுப்பிய விவரமும் என்னிடம் இருக்கின்றன. புகார் கொடுக்க யார் கேட்டாலும் தருகிறேன்.