படத்தில் அசல், பார்சலில் போலி: மல்டி டூல் வாங்குகிறவர்கள் கவனியுங்கள்

போன மாதம் முகநூல் விளம்பரம் ஒன்றைப் பார்த்து மல்டி டூல் எடுத்தேன். குறடு, கத்தி, திருப்புளி, அரம் எல்லாம் மடிந்து உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். 6,500 ரூபா. படத்தில் லெதர்மன் பெயரும் 25 வருட உத்தரவாதமும் இருந்தன. அந்தக் கம்பனி அப்படி உத்தரவாதம் கொடுப்பது உண்மை. எனக்கு வந்ததோ அவர்களுடைய சாமானே இல்லை. மாங்குளத்தில் பார்சல் கொண்டுவந்த தம்பி, "அண்ணை, காசு தந்த பிறகுதான் பிரிக்கலாம்" என்றார். கொடுத்துவிட்டேன்.

முத்தையன்கட்டில் எங்களுக்குக் கச்சான் தோட்டம். ஒரு பின்னேரம் பாதித் தண்ணீரில் பம்ப் நின்றுவிட்டது. என்ஜினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தால் ஓடும், ஆனால் பிளக் சாவி வீட்டில். சரி, இதுதான் இருக்கிறதே என்று குறட்டை விரித்தேன். பிளக்கின் அறுகோணம் 21 மில்லிமீட்டர். அவ்வளவு விரித்தால் குறட்டின் நுனி மட்டும்தான் பிடிக்கும். இரண்டு தரம் வழுக்கி மூலைகள் மழுங்கின. மூன்றாம் தரம் அழுத்த, நடு ஆணி கழன்று ஒரு தாடை மற்றதன் மேல் ஏறி நின்றது. அசலாக இருந்தாலும் வழுக்கித்தான் இருக்கும், நட்டு கழற்றுவது சாவியின் வேலை. ஆனால் ஆணி அப்படிக் கழன்றிருக்காது.

மறுநாள் வெடித்த குழாயின் முனையை வெட்டும்போது கத்தியின் பூட்டு விட்டு, அலகு சுட்டுவிரலில் மடிந்தது. மூன்று தையல். விற்றவருக்குப் படம் அனுப்பினேன். பார்த்தார், பிறகு என் நம்பரையே தடுத்துவிட்டார்.

முல்லைத்தீவில் கடலுக்குப் போகும் என் மச்சானிடம் அசல் ஒன்று இருக்கிறது. கயிறு வெட்ட, கம்பி முறுக்க, தளர்ந்த திருகாணியை இறுக்க எட்டு வருடமாக அதுதான். நட்டுக்கு அவர் அதைத் தொடுவதில்லை. பிடி வெறும் உலோகம் என்பதால் 230 வோல்ட் ஓடும் வயரில் யாரும் வைக்கவே கூடாது.

கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். குறட்டை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் நுனிகள் நேராகச் சந்திக்க வேண்டும். கத்தியைத் திறந்து, விரலை விலக்கி வைத்துக்கொண்டு, அதன் முதுகைப் பலகையில் மெதுவாகத் தட்டுங்கள். மடிந்தால் வேண்டாம். காந்தம் ஒட்டினால் போலி என்பார்கள், அதை நம்பாதீர்கள். கறள் பிடிக்காத கத்தி உருக்கிலும் காந்தம் ஒட்டும்.

அதே படம் போட்ட விளம்பரம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. நேற்றிரவும் கண்டேன்.