ஆக்சஸும் எக்செல்லும்: லட்சக்கணக்கான வரிசைகளுக்கு எந்த வழி சரி?

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸிலிருந்து எக்செல்லுக்கு டேட்டாவைக் கொண்டுபோவது ஒரு வேலை. எக்செல்லிலிருந்து ஆக்சஸுக்குக் கொண்டுவருவது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால் வருவதுதான் பாதித் தலைவலி. ஓராயிரம், ஈராயிரம் வரிசை என்றால் எப்படிச் செய்தாலும் ஒப்பேறிவிடும். லட்சத்தைத் தொடும்போதுதான் ஒவ்வொரு வழியின் குணமும் தெரியவரும்.

முதலில் எல்லைகள். எக்செல் 2007 முதல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள், 16,384 நெடுவரிசைகள். அதற்கு முந்தைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைகள்தான். ஆக்சஸில் வரிசைக்கு இத்தனை என்று கணக்கில்லை. கோப்பு 2 ஜிபியைத் தாண்டக்கூடாது, ஒரு டேபிளில் 255 ஃபீல்டுக்கு (நெடுவரிசைக்கு) மேல் கூடாது. பழைய வடிவம் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2020-ல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கோவிட் பதிவுகள் விடுபட்டது அந்தப் பழைய கோப்பு வடிவத்தின் வரிசை எல்லையால்தான்.

எக்செல்லுக்குப் போகும் வழிகளைப் பார்ப்போம். காப்பி-பேஸ்ட் 65,000 வரிசையைத் தாண்டினால் கிளிப்போர்டு கொள்ளாது என்று கைவிரித்துவிடும். ஏற்றுமதி செய்யும்போது ‘வடிவமைப்போடு’ என்ற பெட்டியில் டிக் போட்டாலும் அதே கதி. டிக்கை எடுத்துவிட்டால் வேலை நடக்கும், ஆனால் வருவது அன்றைய நகல் மட்டும். நாளைக்கு மறுபடியும் ஏற்றுமதி செய்ய வேண்டும்.

என் ஓட்டு பவர் க்வெரிக்கு, அதாவது வெளியிலிருந்து டேட்டாவை இழுக்க எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் கருவிக்கு. ஆக்சஸ் தள்ளுவதில்லை, எக்செல் இழுத்துக்கொள்கிறது. ரெஃப்ரெஷ் அழுத்தினால் புது டேட்டா வந்துவிடும். ஷீட்டில் கொட்டாமல், எக்செல் கோப்புக்குள் தனியாக இருக்கும் டேட்டா மாடல் என்ற கிடங்கில் ஏற்றினால் பத்து லட்சத்துச் சொச்சம் என்ற எல்லையும் தடையில்லை; பிவட் டேபிள் அங்கிருந்தே ஓடும். ஒரே வில்லங்கம், எக்செல் 64 பிட்டாகவும் ஆக்சஸ் டிரைவர் (இரண்டையும் இணைக்கும் மென்பொருள்) 32 பிட்டாகவும் இருந்தால் இணைப்பே கிடைக்காது. மேக்ரோ எழுதுகிறவர்களுக்கு, க்வெரியின் விடையை மொத்தமாக ஷீட்டில் இறக்கும் காப்பிஃப்ரம்ரெக்கார்டுசெட் என்ற கட்டளை இருக்கிறது. செல் செல்லாக லூப் போட்டு எழுதுவதோடு ஒப்பிட்டால் இதன் வேகமே வேறு. தலைப்பு வரிசையை மட்டும் நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

திரும்பி வரும் வழியில்தான் உண்மையான கண்ணி. எக்செல் கோப்பை நேரடியாக இறக்குமதி செய்வது சுலபம்தான், ஆனால் ஆக்சஸ் முதல் எட்டு வரிசைகளைப் பார்த்துத்தான் ஒவ்வொரு நெடுவரிசையும் எந்த வகை என்று ஊகிக்கிறது. வாடிக்கையாளர் எண் என்ற நெடுவரிசையில் மேலே 1001, 1002 என்று எண்களாகவே போகிறது, ஐயாயிரமாவது வரிசையில் ஏ-1024 என்று ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எண் ஃபீல்டு என்று ஆக்சஸ் ஏற்கெனவே முடிவு கட்டியிருக்கும், அந்த இடம் காலியாகிவிடும். இறக்குமதிப் பிழைகள் என்று ஒரு தனி டேபிள் உருவாகும். அதைத் திறந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? எக்செல் ஷீட்டை இறக்குமதி செய்யாமல் இருந்த இடத்திலேயே லிங்க் செய்தாலும் இந்த ஊகம் போகாது. போதாக்குறைக்கு, லிங்க் செய்த ஷீட்டை ஆக்சஸிலிருந்து திருத்தவும் முடியாது.

அதனால் இந்தத் திசைக்கு நான் சிஎஸ்வி பக்கம், அதாவது மதிப்புகளைக் கமாவால் பிரித்த வெறும் டெக்ஸ்ட் கோப்பு. டெக்ஸ்ட் இறக்குமதியில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் வகையை நாமே சொல்லி, அந்த அமைப்பை ஸ்பெசிஃபிகேஷன் என்ற பெயரில் சேமித்துவைக்கலாம். அடுத்த முறை ஊகத்துக்கே வேலையில்லை. முகவரியில் கமா நிறைய இருந்தால் டேப் பிரிப்பான் நல்லது. தமிழ் எழுத்து இருந்தால் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் அந்த சிஎஸ்வியை நடுவில் எக்செல்லில் டபுள் கிளிக் செய்து திறந்து சேமித்துவிடாதீர்கள். இயல்பு அமைப்பிலேயே விட்டால் 00457 என்பது 457 ஆகிவிடும். 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. தேதிபோலத் தெரிகிற குறியீடுகள் தேதியாகவே மாறிவிடும். இந்தத் தொல்லையால் 2020 வாக்கில் சில மனித மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். எக்செல்லைத் திருத்துவதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது! பார்க்க வேண்டும் என்றால் நோட்பேடில் பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் முடிந்ததும் இரண்டு பக்கமும் வரிசை எண்ணிக்கையும் ஏதாவது ஒரு தொகை நெடுவரிசையின் கூட்டலும் எடுத்து ஒத்துப்பாருங்கள். அப்புறம், ஆக்சஸ் டேபிளை அழித்து அழித்து நிரப்பும்போது கோப்பு தானாகச் சுருங்காது, ஆக்சஸில் இருக்கும் காம்பாக்ட் கட்டளையைக் கொடுத்தால்தான் இடம் திரும்பும்.