காஃப்காவின் ஐந்து நிமிடக் கெடு

மெயில் அனுப்புவது, இன்வாய்ஸ் தயாரிப்பது போன்ற பின்னணி வேலைகளுக்கு, மெசேஜ்களை வாங்கி வைத்து வேலை செய்யும் ப்ரோக்ராம்களுக்குக் கொடுக்கும் மென்பொருளில் எது நல்லது, காஃப்காவா, ரேபிட்எம்க்யூவா என்று நண்பர் கேட்டார். வேகம், ரெப்ளிகேஷன் (நகல் வைத்தல்) பற்றியெல்லாம் அவருக்கே தெரியும். வருடக்கணக்கில் காஃப்கா ஓட்டினாலும் தீராத எரிச்சல் ஒன்று உண்டு: ரீபேலன்ஸ், அதாவது கன்ஸ்யூமர்களுக்குள் (மெசேஜைப் படித்து வேலை செய்யும் ப்ரோக்ராம்கள்) பங்கை மறுபடி பிரிப்பது.

கன்ஸ்யூமர் ஒருமுறை போல் செய்தால் (மெசேஜ் கேட்டால்), இயல்பு அமைப்பில் 500 மெசேஜ் வரை வரும். அடுத்த போலுக்கான கெடு 5 நிமிடம். வகுத்துப் பார்த்தால் மெசேஜுக்கு 600 மில்லிசெகண்ட். டேட்டாபேஸில் ஒரு வரி எழுத இது தாராளம். வெளி ஏபிஐ ஒன்று மெதுவாகி, மெசேஜுக்கு 1 செகண்ட் பிடித்தால் 500 செகண்ட் ஆகிவிடும். கெடு தாண்டியதும் அந்தக் கன்ஸ்யூமர், வேலையைப் பகிர்ந்துகொள்ளும் தன் குரூப்பிலிருந்து விலகும். அதன் பார்ட்டிஷன் (மெசேஜ் வரிசையின் ஒரு பங்கு) வேறொரு கன்ஸ்யூமருக்குப் போகும்; இதுதான் ரீபேலன்ஸ். கடைசியில் மொத்தமாகக் கமிட் செய்யும் (இதுவரை முடிந்தது என்று பதியும்) கோடு என்றால் அந்தக் கமிட் தோற்கும், அதே மெசேஜ்கள் அங்கே மறுபடி ஓடும். அங்கும் அதே ஏபிஐதானே? அதுவும் கெடு தாண்டும். வாடிக்கையாளருக்கு ஒரே மெயில் மூன்று நான்கு முறை போகும், லேக் (பாக்கி மெசேஜ்) குறையவே குறையாது. ஹார்ட்பீட் (உயிரோடிருக்கிறேன் என்ற சிக்னல்) தனித் த்ரெட்டில் போவதால் ப்ராசஸ் உயிரோடு இருப்பதாகவே கண்காணிப்பில் தெரியும். இதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

பலரும் உடனே கெடுவை 30 நிமிடமாக்குவார்கள். வேண்டாம். பழைய ப்ரோட்டோகாலில் ரீபேலன்ஸ் நடக்கும்போது மெதுவான ஒருவருக்காக மற்றவர்கள் காத்திருக்கும் உச்ச நேரமும் அதே எண்தான். ஒரு போலுக்கு வரும் மெசேஜ் உச்சமான மேக்ஸ்.போல்.ரெக்கார்ட்ஸைக் குறையுங்கள். ஏபிஐ டைம்அவுட் 5 செகண்ட் என்றால் 50 மெசேஜ், 250 செகண்ட், கெடுவுக்குள் அடங்கும். ஒரு ரீட்ரை உண்டென்றால் 25. டிப்ளாய்மென்ட்டின்போது எல்லா பார்ட்டிஷனும் ஒரேயடியாக நிற்பதைத் தவிர்க்க, பார்ட்டிஷன் ஒதுக்கும் முறைகளில் கோஆபரேட்டிவ் ஸ்டிக்கி அசைனர் உண்டு. காஃப்கா 3.0 முதல் இயல்புப் பட்டியலில் அதற்கு முன்னால் ரேஞ்ச் என்ற இன்னொரு முறை நிற்கிறது. ரேஞ்சை நீக்கி ஒரு ரோலிங் ரீஸ்டார்ட் (ஒவ்வொன்றாக மறுதொடக்கம்) செய்தால் போதும். 4.0-இன் புதிய ப்ரோட்டோகால் ஒதுக்கீட்டை காஃப்கா சர்வரான ப்ரோக்கரிடமே விட்டுவிடுகிறது. ஆனால் போல் கெடு அங்கும் அப்படியே இருக்கிறது.

நியாயமாகச் சொன்னால், காஃப்கா தரும் ஒரு சுகம் சாதாரண க்யூவில் கிடைக்காது. கோடில் பிழை, நேற்று மதியத்திலிருந்து கணக்கு தவறு என்று வையுங்கள். குரூப்பை நிறுத்தி, ரீசெட் ஆஃப்செட்ஸ் கட்டளையை முதலில் எக்ஸிக்யூட் இல்லாமல் ஒத்திகையாக ஓட்டிப் பார்த்து, பிறகு படிக்கும் இடத்தை அந்த நேரத்துக்கே பின்னால் தள்ளலாம். இயல்பு ரிடென்ஷன் (மெசேஜ் வைத்திருக்கும் காலம்) 7 நாள். பிழை திருத்தியதும் எல்லாம் மறுபடி ஓடிச் சரியாகும். எத்தனை முறை செய்தாலும் வியப்பு குறையவில்லை.

இருந்தும் நண்பருக்கு என் பதில் ரேபிட்எம்க்யூ. மெயில் வேலைக்கு மறுஓட்டம் எதற்கு? ரேபிட்எம்க்யூவில் ஒவ்வொரு மெசேஜுக்கும் தனி அக் (முடிந்தது என்ற ஒப்புதல்). ஒன்று மெதுவானால் மற்ற கன்ஸ்யூமர்களின் வேலை நிற்காது. பார்ட்டிஷன் எண்ணிக்கைக்கு மேல் சேர்த்த கன்ஸ்யூமர் சும்மா உட்கார்ந்திருக்கும் தொல்லையும் இல்லை. அக் வருவதற்கான இயல்புக் கெடு 30 நிமிடம். ப்ரீஃபெட்ச்சை (அக் வருமுன் ஒரு கன்ஸ்யூமருக்கு முன்கூட்டித் தரும் மெசேஜ் எண்ணிக்கை) மட்டும் விட்டுவிடாதீர்கள்: எண் தராவிட்டால் வரம்பே இல்லை, வந்ததையெல்லாம் ஒரே கன்ஸ்யூமர் தலையில் கொட்டும். 10-இல் தொடங்குங்கள். க்யூவை, பல சர்வர்களில் நகல் வைக்கும் குவோரம் வகையாகவே உருவாக்குங்கள். பழைய நகல் முறையான மிரரிங் ரேபிட்எம்க்யூ 4.0-இல் நீக்கப்பட்டுவிட்டது.