கொழுக்குமலைக்கு ஜீப்பில்: இந்த முறை ஊருக்குப் போனபோது

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில், எங்கள் போடிநாயக்கனூர் பக்கம். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவுக்குள் நுழைந்து, இடுக்கி மாவட்டம் சூரியநெல்லியில் ஜீப் பிடித்துத்தான் போக வேண்டும். நம் பக்கத்திலிருந்து குரங்கணி வழியாக நடைபாதைதான் உண்டு. அதனால் போடியில் பிறந்து வளர்ந்தும் அந்த மலையைக் கீழேயிருந்து மட்டுமே பார்த்தவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். நானும் அப்படித்தான் இருந்தேன். மெல்போர்னில் ஜனவரி கடைசி வரை பள்ளி விடுமுறை. பொங்கலுக்கு ஊருக்கு வந்த கையோடு மனைவி, மகள், மகன், அப்பா எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

போடிக்கு வருவது இப்போது சுலபம். 2010 கடைசியில் நிறுத்திய மதுரை–போடி ரயிலை அகலப்பாதையாக மாற்றி 2023 ஜூனில் திரும்ப விட்டார்கள். வாரத்தில் சில நாள் சென்னை சென்ட்ரலிலிருந்தே நேராக போடிக்கு ரயில் இருக்கிறது. போடியிலிருந்து முந்தல் தாண்டி, போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். மெட்டு ஏறியதும் சோதனைச்சாவடி, அப்புறம் ஏலக்காய்த் தோட்டங்கள், பூப்பாறை, சின்னக்கானல். பகலிலேயே சூரியநெல்லி போய்ச் சேர்ந்துவிடுங்கள். அந்தப் பக்கம் முழுக்க யானை நடமாட்டம் உள்ள இடம். அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டதும், அது ஒரு மாதத்தில் இறங்கிக் கம்பம் தெருவுக்குள் வந்து நின்றதும், கடைசியில் களக்காடு முண்டந்துறைக்குப் போனதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது சின்னக்கானல் யானைதான். அரிக்கொம்பன் போய்விட்டாலும் மற்ற யானைகள் அங்கேயேதான் இருக்கின்றன.

பிள்ளைகள் முதலில் கேட்டது குவாட் பைக். நான்கு சக்கரம் வைத்த அந்த வண்டியை மூணாறு பக்கத்து சாகசப் பூங்காக்களில் இப்போது ஓட்ட விடுகிறார்கள். ஒரு இடத்தில் நிறுத்திப் பார்த்தோம். வேலி போட்ட ஒரு மண் மைதானம், நடுவில் டயர்களை அடுக்கி வளைவுகள், காசு கொடுத்தால் சில சுற்று. ஹெல்மெட் கொடுத்தார்கள். மகளுக்குக் கொடுத்த ஹெல்மெட்டில் நாடியில் மாட்டும் கிளிப் உடைந்திருந்தது. "மாற்றிக் கொடுங்கள்" என்றதும் இன்னொன்று கொண்டுவந்தார்கள், அது அவள் தலைக்கு இரண்டு அளவு பெரியது. "சும்மா ரெண்டு ரவுண்டுதானே சார், ஒண்ணும் ஆகாது" என்றார் அங்கிருந்த பையன். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் குவாட் பைக் கவிழ்ந்து வருடா வருடம் ஆட்கள் சாகிறார்கள். வண்டி அகலம் குறைவு, கனமோ அதிகம். சரிவில் ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால், ஓட்டுபவர் உடம்பை மேடான பக்கம் சாய்க்காவிட்டால் அப்படியே புரண்டு மேலே விழும். நசுங்கித்தான் பெரும்பாலும் உயிர் போகிறது. அதனால் 2021 அக்டோபரிலிருந்து அங்கே விற்கும் பொதுப் பயன்பாட்டுக் குவாட் பைக்குகளில் பின்னால் பாதுகாப்பு வளைவு கட்டாயம். பெரியவர்களுக்கான வண்டியில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஏற்றக் கூடாது என்றும் சொல்லித்தான் விற்கிறார்கள். இங்கே நான் பார்த்த வண்டிகளில் அந்த வளைவு இல்லை. எப்படி ஓட்டுவது, எப்படிச் சாய்வது என்று ஒரு நிமிடம்கூடச் சொல்லித் தரவும் இல்லை. சமதளம்தான், மெதுவாகத்தான் ஓடும், சரி. ஆனால் என் பதினாலு வயது மகளை அதில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. மகன் அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை.

கொழுக்குமலை ஜீப்பை ஹோட்டலிலேயே ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார்கள். விலையைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம். சூரியநெல்லி கடைத்தெருவில் மாலை ஒரு நடை போய் ஜீப் ஸ்டாண்டில் விசாரித்தேன். ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! அதே ஜீப்புகள், அதே டிரைவர்கள். நாங்கள் போனபோது ஆள் கணக்கு இல்லை, ஒரு ஜீப்புக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். முந்தின நாள் சாயங்காலமே நேரில் பேசி, வண்டியையும் டிரைவரையும் பார்த்துவிடுவது நல்லது. மலையாளம் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். அந்தத் தோட்டப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் தமிழர்கள். எங்களுக்கு வாய்த்த டிரைவர் தம்பியும் அங்கேயே தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர். நான் போடி என்றதும், "அப்ப நம்மூருண்ணே" என்றார்.

இந்தத் தம்பியைப் பற்றித்தான் எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது, முதுகெலும்பில் தேய்மானம். வாழ்நாள் முழுக்கக் கீழேயிருந்து பார்த்த மலை. வருவேன் என்று ஒரே பிடிவாதம். தம்பி அவரை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார்: "ஐயா, போடி பஸ்ஸுல மெட்டு ஏறி வந்தீங்கல்ல, இடுப்பு எப்படி இருக்கு? மாத்திரை ஏதாச்சும் போடுறீங்களா? குனிஞ்சு நிமிர முடியுதா?" எல்லாம் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பி, "வேண்டாம்ணே. போறதுல மட்டுமில்ல, வர்றதுலயும் ஒரு மணி நேரத்துக்கு மேல குலுங்கும். நடுவுல வலிச்சா வண்டிய நிறுத்தலாம், ஆனா அங்கருந்து தூக்கிட்டு வர வேற வழியில்ல" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கேட்டுக்கொண்டார். நானோ என் மனைவியோ சொல்லியிருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். கர்ப்பிணிகள், இதய அறுவை சிகிச்சை செய்தவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் வந்தாலும் இப்படித்தான் சொல்லி அனுப்புவேன் என்றார் தம்பி. மெல்போர்னில் இதே வேலைக்கு ஒரு படிவம் நீட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டு முடிவு சொன்ன இந்த மனிதரின் பொறுப்பு எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது.

அதிகாலை நாலரை மணிக்கு ஜீப் வந்தது. பழைய மகிந்திரா. முன்னால் டிரைவர் பக்கத்தில் மனைவி, பின்னால் எதிரெதிராக இருக்கும் பெஞ்சுகளில் நானும் பிள்ளைகளும். சூரியநெல்லியிலிருந்து கொஞ்ச தூரம் தார் ரோடு, அப்புறம் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் கல் பாதை தொடங்குகிறது. ஜல்லி போட்ட பாதை என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கால் உயரக் கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும், மழைத் தண்ணீர் அறுத்த வாய்க்கால்கள் நடுவில் ஓடும், சில வளைவுகளில் ஒரே வெட்டில் திரும்ப முடியாமல் பின்னால் எடுத்துத் திரும்ப ஏற வேண்டும். பின்னால் எடுக்கும்போது நமக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இருட்டில் தெரியாது. தெரியாமலிருப்பதே நல்லது என்றாள் மகள்.

கல் பாதை தொடங்குமிடத்தில் தம்பி வண்டியை நிறுத்தினார். மேலே இருக்கும் கம்பியைக் காட்டி, "ரெண்டு கையாலயும் இதப் புடிங்க. கைய வெளிய நீட்டாதீங்க. பல்ல இறுக்கிக் கடிச்சுக்கங்க, பேசாதீங்க, நாக்கு மாட்டிக்கும்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். கியர் பக்கத்தில் இருந்த குட்டைக் குச்சியைத் தள்ளி நாலு சக்கரத்துக்கும் இழுவை போட்டார். அதன்பிறகு வண்டி ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு நடந்து போனது என்றுதான் சொல்ல வேண்டும். வேகமே கிடையாது. அவர் கண் எப்போதும் அடுத்த கல்லைப் பார்க்கவில்லை, அதற்கும் அடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தக் கல்லின் மேல் சக்கரம் ஏற வேண்டும், எதை அடிவயிற்றுக்குக் கீழே விட வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து ஸ்டியரிங்கைத் தொட்டுத் தொட்டுத் திருப்பினார். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் எங்கே என்று அவர்களுக்குள் ஹார்னிலேயே பேசிக்கொள்கிறார்கள். மகனுக்கு முந்தின நாள் குவாட் பைக் கோபமெல்லாம் முதல் வளைவிலேயே போய்விட்டது.

மேலே போனபோது இன்னும் விடியவில்லை. 7,000 அடிக்கு மேல் உயரம், காற்று காதை அறுக்கிறது. கொஞ்ச நேரத்தில் கிழக்கே வெளுத்து, கீழே குரங்கணிப் பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் நிறைந்து கிடப்பது தெரிந்தது. மேகத்துக்கு மேலே மலை முகடுகள் மட்டும் நின்றன. வலது பக்கம் பாறை விளிம்பு ஒன்று வாயைப் பிளந்த மிருகம் போல நீட்டிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பாறை என்கிறார்கள், புலிப்பாறை என்றும் சொல்கிறார்கள். எல்லோரும் போட்டோ எடுக்க அங்கேதான் கூடுகிறார்கள். பக்கத்தில் மீசப்புலிமலை, 2,640 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமுடிக்கு அடுத்து உயரமானது. மேகம் விலக விலக பாறைச் சரிவுகளும் புல்வெளிகளும் ஆழத்தில் காடும் தெரிந்து, கடைசியில் கிழக்கே சமவெளி வந்தது. அங்கே எங்கேயோதான் போடி. மகளுக்குக் கையை நீட்டிக் காட்டினேன்.

அந்தச் சரிவைப் பார்க்கும்போது 2018 ஞாபகம் வராமல் இருக்காது. மார்ச் 11-ஆம் தேதி, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள், பெண்களே அதிகம். இருபது பேருக்கு மேல் போய்விட்டார்கள். போடி ஆட்களும் மலைவாசிகளும் ராத்திரி ராத்திரியாக ஏறித் தூக்கி வந்தார்கள் என்று என் மாமா இப்போதும் சொல்லுவார். மேலே நின்று பார்த்தால் காரணம் தெரிகிறது. இடுப்பளவு காய்ந்த புல், அதற்கு நடுவே ஒற்றையடிப் பாதை, கீழிருந்து மேலே வீசும் காற்று. தீ மேல்நோக்கி ஓடினால் மனிதரால் அதைவிட வேகமாக ஓட முடியாது. ஆகவே தயவுசெய்து, கோடையில் அனுமதி இல்லாமல் யாராவது "குரங்கணி வழியா நடத்திக் கூட்டிட்டுப் போறோம்" என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டால் பணம் கட்டாதீர்கள். வனத்துறை அனுமதியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள்.

இறங்கும் வழியில் தேயிலைத் தொழிற்சாலை. 1930களில் கட்டியது, இன்றும் பழைய முறையில்தான் தூள் செய்கிறார்கள். கொழுந்தை வாட்டி, உருளையில் சுருட்டி, பதமாக நொதிக்கவிட்டு, உலர்த்தி, சல்லடையில் தரம் பிரிக்கிறார்கள். நம் டீக்கடைகளில் பால் ஊற்றிக் கொதிக்கவிடுகிற குருணைத் தூள் வேறு. இது முறுக்கிய இலையாகவே இருக்கும், பால் சேர்க்காமல் குடிக்க வேண்டும். மரப்படிகள், மரத்தளம், உள்ளே நுழைந்ததும் பச்சை இலையும் புகையும் கலந்த வாசம். காட்டி விளக்கியவர் அவசரப்படாமல் மகன் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அப்பாவுக்காக ஒரு பாக்கெட் வாங்கினோம்.

இறக்கம்தான் நிஜமான சோதனை. தம்பி முதல் கியரிலேயே இறக்கினார். பிரேக்கை அடிக்கடி மிதிக்கவில்லை. கேட்டதற்கு, "பிரேக்க நம்பி இறங்குனா சூடாகி ஒரு கட்டத்துல புடிக்காதுண்ணே. அதுவும் லூஸ் கல்லுல சக்கரம் லாக் ஆனா வண்டி அது பாட்டுக்குச் சறுக்கும். எஞ்சின்தான் புடிச்சு வைக்கணும்" என்றார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்பெஞ்சில் பெல்ட் கிடையாது, கம்பி மட்டும்தான். பத்து வயதுப் பையனின் கை நனைந்த கம்பியில் வழுக்குகிறது. நான் வழி முழுக்க அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பக்கவாட்டுப் பெஞ்சுக்கு ஒரு சாதாரண இடுப்புப் பெல்ட் மாட்டப் பெரிய செலவு ஆகாது. மேலே பெண்களுக்குக் கழிப்பறை போதவில்லை, வரிசையில் நின்றே என் மனைவி சூரியோதயத்தில் பாதியைத் தவறவிட்டாள். பாறை விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பவர்களை டிரைவர்கள்தான் சத்தம் போட்டு இழுக்கிறார்கள். அது அவர்கள் வேலை இல்லை, அதற்கென்று ஆள் போட வேண்டும். அப்புறம் கட்டணப் பலகை. ஹோட்டல் வாசலிலும் ஜீப் ஸ்டாண்டிலும் மூன்று மொழியில் ஒரு பலகை வைத்தால் என்னைப் போல நேரில் போய் விசாரிக்க நேரமில்லாதவர்கள் கூடுதலாகக் கொடுத்து ஏமாற மாட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருக்கும், ஆனால் நல்ல குளிர், பிள்ளைகளுக்குக் காதுக் குல்லாயும் கையுறையும் கட்டாயம். மழைக்காலத்தில் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அந்த வருடம் கூட்டம் எப்படியிருக்கும் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், சாப்பாட்டைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம். டிரைவருக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அவர் கையிலேயே கொடுங்கள். ஹோட்டல் பில்லில் சேர்க்கச் சொன்னால் அவருக்குப் போய்ச் சேருமா என்று நமக்குத் தெரியாது.